ஜனாதிபதியின் முகத்துக்குப் பின்னால்

லுஸ்விமிண்டா தன் காலத்தை ஆண்டுகளால் கணக்கிட்டதே இல்லை. ஜனாதிபதிகளால்தான் கணக்கிடுவாள்.

லூசோன், விசயாஸ், மிண்டனாவோ என்று நாட்டின் மூன்று பகுதிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. பெயருக்குள் நாடு முழுக்க இருக்கிறது, காலை ஊன்றத்தான் ஒரு சாண் நிலம் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மணிலாவின் அந்தக் கால்வாய்க்கரையில் எல்லோருக்கும் அவள் அலிங் மிண்டா, அதாவது மிண்டா அக்கா. காலையில் சட்டி நிறைய இஞ்சி போட்ட கஞ்சியும், வேண்டியவர்களுக்கு அதன்மேல் அவித்த முட்டையும் விற்பவள்.

சமார் தீவிலிருந்து கப்பலேறி வந்து, பினோண்டோவில் ஒரு சீனக் குடும்பத்துக்குப் பாத்திரம் தேய்த்தது ஒரு ஜனாதிபதியின் காலம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய டெல்ஃபினைக் கட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசை போட்டது அடுத்தவர் காலம். அந்தக் குடிசை இடிபட்டது அதற்கும் அடுத்தவர் காலத்தில். பிறகு கால்வாய்க்கு வந்தார்கள். தண்ணீருக்குள் மூங்கிலை நட்டு, மேலே பலகை அடித்து, ஒரு பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் போட்டது என்று பேசாமல் ஒப்பந்தமாகி, ஒரு வீடு நின்றது. குழந்தை ஒன்று பிறந்து தங்காமல் போனதும் இங்கேதான். டெல்ஃபினுக்கு வலது பக்கம் விழுந்துபோனதும் இங்கேதான். அரசு மருத்துவமனை நான்கு தெரு தள்ளி. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே, கால்வாயின் நாற்றத்தை யாராவது குறை சொன்னால் மிண்டாவுக்குக் கோபம் வரும்.

இந்த முறை வந்தவருக்கு அவளும் ஓட்டுப் போட்டிருந்தாள். அதுதான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாத சங்கதி. சொன்னாலும் பயனில்லை. கரை முழுக்க அவருக்குத்தான் போட்டிருந்தது. தெற்கே ஒரு மாகாணத்தை ஆண்டவர், பொறியியல் படித்தவர், கையை மடித்துவிட்ட சட்டை. கூட்டத்துக்குக் கூட்டம் அவர் சொன்னது ஒன்றுதான்: மணிலாவில் இனி வெள்ளம் வராது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் கஞ்சிச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளம் வராமல் செய்வேன் என்றவர், வெள்ளம் யாரால் வருகிறது என்று நினைக்கிறார் என்பதைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

வாக்கு எண்ணிக்கை அன்று மாலையே முடிவு தெரிந்துவிட்டது. எதிர்க்கரையில் பட்டாசு வெடித்தார்கள், பாட்டுப் பெட்டியை வைத்துக் கத்தினார்கள். மறுநாள் காலை கஞ்சி குடிக்க வந்தவர்களின் கைபேசிகளில் ஒரே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. புது ஜனாதிபதி தன் மாகாணத்தில் ஆற்றங்கரையை எப்படிச் சுத்தம் செய்தார் என்ற படம். மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று நீளக் கையை நீட்டுகிறது. ஒரு வீட்டின் கூரையைத் தொடுகிறது, அவ்வளவுதான். வீடு மடிந்து தண்ணீருக்குள் உட்காருகிறது, களைத்துப்போன கிழவி உட்காருவதுபோல. பின்னணியில் உற்சாகமான இசை. கடைசியில் அதே ஆறு தெளிந்து ஓட, இரண்டு பக்கமும் பூச்செடி.

மிண்டா அகப்பையைச் சட்டிக்குள் விட்டபடியே பார்த்தாள். அந்தப் பூச்செடிகள் நிற்கிற இடத்தில் எத்தனை வீடு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து கடையில் பேச்சு முழுக்க அவர் என்ன செய்வார் என்பதுதான். ஆளாளுக்கு ஒரு பயம், ஆளாளுக்கு ஒரு சோசியம். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், பெரிய சாலையில் இனி மூன்று சக்கரத்துக்கு இடமில்லையாம் என்றான். மீன் விற்கிறவள், நடைபாதைக் கடைகளையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் போட்டு வாடகை வாங்குவார்களாம் என்றாள். சேவல் வளர்க்கும் கிழவர் மாங் கோரியோ, சேவல் சண்டைக்கு வரி வருகிறது என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். கால்வாயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நோயாளியின் முன்னால் நோயின் பெயரைச் சொல்லாமலிருப்பதுபோல.

முதலில் வாய்விட்டுச் சொன்னது பாசிங்தான். வலது பக்கத்து வீட்டுக்காரி. பாசிங்கின் இளைய மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் மிண்டா. அதனால் ஒருவருக்கொருவர் குமாரே. அந்த ஊரில் அது கூடப்பிறந்த உறவுக்கு ஒரு மாற்றுக் குறைவு, சில நேரம் ஒரு மாற்றுக் கூடுதல்.

“குமாரே, கதவுகிட்ட சிவப்புல நம்பர் போட்டிருக்கே, அந்த வீட்டைத்தான் முதல்ல இடிப்பாங்களாம்,” என்றாள் பாசிங், கஞ்சியை ஊதியபடி. “என் மருமகனோட முதலாளிக்குத் தெரிஞ்சவர் சொன்னாராம்.”

அந்த நம்பர் போன ஜனாதிபதியின் ஆட்கள் வந்தபோது போட்டது. தகரத்தில் எண்ணை வெட்டி, அதைப் பலகைமேல் வைத்து, வண்ணத்தைப் பீச்சிவிட்டுப் போனார்கள். ஏதோ கணக்கெடுப்பு என்றார்கள். அதன்பிறகு எதுவுமே நடக்கவில்லை. ஆனால் சிவப்பு எண் என்றாலே மிண்டாவுக்கு ரயில் தண்டவாளத்து நினைவுதான். அங்கே எண் எழுதிப்போன பிறகுதான் கடப்பாரை வந்தது. ஆகவே இந்த எண் வந்த நாளிலிருந்தே அவள் அதன்மேல் துணி காயப்போட்டுத்தான் வைத்திருந்தாள்.

பாசிங்கின் சுவர் சிமெண்டுக் கல். எண் அதில் ஊறிப்போய்விட்டது, என்ன தேய்த்தும் போகவில்லை. “என் தலையெழுத்தே செவுத்துல இருக்கு,” என்று அவள் அலுத்துக்கொண்டாள். மிண்டாவின் மனசு மட்டும் வேகமாக ஓடியது.

அந்தக் கரையில் தேர்தல் என்றால் கூரை என்று அர்த்தம். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாளே ஏணியும் கத்தியுமாகக் கிளம்பிவிடுவார்கள். வேட்பாளர்களின் படம் அச்சடித்த பெரிய பெரிய பிளாஸ்டிக் விரிப்புகள் மின்கம்பங்களிலிருந்து இறங்கி வீடுகளின்மேல் ஏறும். மழைக்கு அதைப்போல ஒன்று கிடையாது. மிண்டாவின் சமையலறைக்கு மேலே ஒரு செனட்டர் கையசைத்துக்கொண்டிருந்தார். டெல்ஃபினின் கட்டிலுக்குப் பக்கத்தில், இருமுறை தோற்ற ஒரு நகராட்சித் தலைவர் வேட்பாளர், கல்விதான் கண் என்றார். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று பார்த்து யாரும் எடுப்பதில்லை. கிழியாத விரிப்பா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு மட்டும் பார்த்தார்கள். தோற்ற முகங்கள் எல்லாம் உள்பக்கம் திரும்பின. ஜெயித்தவரின் முகத்துக்கு அடிதடி. சந்தைக்குப் பக்கத்து மேம்பாலத்திலிருந்து ஒரு விரிப்பை இறக்க மிண்டா மூன்று சக்கர வண்டிக்காரனுக்கு முட்டை போட்ட கஞ்சி ஒரு வாரத்துக்கு இலவசம் என்று பேசி முடித்தாள். கதவளவு உயரம், வீட்டின் முகப்பளவு அகலம். ஊதா நிறப் பின்னணியில் ஜனாதிபதி சிரித்தார். கூரை விளிம்பிலிருந்து கம்பியால் கட்டி, கீழே பலகையில் ஆணி அடித்தாள். நம்பர், கதவு, சுவர், எல்லாம் அவருக்குப் பின்னால் போயிற்று. உள்ளே போக வர ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும்.

டெல்ஃபினுக்கு வாய் கோணிப்போனாலும் கிண்டல் கோணவில்லை. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வேற ஆம்பளை படத்தை வாசல்ல மாட்டிட்டியே,” என்றான்.

“அவர் மூஞ்சியைக் கிழிச்சு உள்ள வர்ற தைரியம் எவனுக்கு இருக்கும்னு சொல்லு,” என்றாள் மிண்டா.

அவன் யோசித்துப் பார்த்து, ஆமாம், எவனுக்கும் இருக்காது என்பதுபோலத் தலையை ஆட்டினான். கரையில் பல பேர் அதை மெச்சினார்கள். இடது பக்கத்து வீட்டு மாங் கோரியோ மட்டும் மெச்சவில்லை. கம்பியின் ஒரு முனை தன் கம்பத்தில் கட்டியிருக்கிறது என்று கத்தினார். அந்த மனிதருக்கும் மிண்டாவுக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீர் காரணமாகப் பல காலமாக ஆகாது. அவள் ஊற்றுகிற கஞ்சித்தண்ணீர் சரிவில் ஓடி அவருடைய சேவல் கூண்டடியில் தேங்கும். பராங்கை என்கிற வட்டார மன்றத்தில் இரண்டு தடவை பஞ்சாயத்து நடந்து, இரண்டு தடவையும் கைகுலுக்க வைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பி இருவருமே கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

ஜூன் கடைசியில் அவர் பதவியேற்றார். பேச்சு எல்லா வீட்டு ரேடியோவிலும் ஒரே நேரத்தில் வந்ததால், கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தவர்கள் ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டார்கள். கால்வாய்களை மக்களுக்குத் திருப்பித் தருவேன் என்றார். மிண்டா வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். அப்போது இங்கே இருக்கிற நாங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். கடையை மூடிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த மிண்டா, கரையின் வளைவில் ஊதா நிறச் சட்டைகளைப் பார்த்தாள். ஒரு பெண், இரண்டு ஆண்கள். ஒருவன் கையில் வண்ணம் பீச்சும் குப்பி. கடப்பாரை இல்லை. ஆனால் ரயில் தண்டவாளத்திலும் முதலில் வந்தவர்களின் கையில் கடப்பாரை இல்லை.

சட்டியை அப்படியே போட்டுவிட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கி உள்ளே புகுந்தாள். உள்பக்கமாகக் கம்பியை இழுத்து முறுக்கினாள். மின்விசிறியை நிறுத்தினாள். டெல்ஃபினின் வாயில் கையை வைத்துக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். விரிப்பு வழியே வெளிச்சம் ஊதாவாக உள்ளே வந்தது. பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஜனாதிபதிக்கு வாய் இருந்த இடம் கொஞ்சம் கருமையாகத் தெரிந்தது.

விரிப்பைத் தட்டினார்கள். பிளாஸ்டிக் தொப்தொப்பென்று அதிர்ந்தது.

“யாராவது இருக்கீங்களா? வீட்டுக் கணக்கெடுக்க வந்திருக்கோம்.”

மிண்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெல்ஃபினின் எச்சில் அவள் உள்ளங்கையில் ஈரமாக வழிந்தது. வெளியே அந்தப் பெண், இங்கே நம்பர் எதுவும் தெரியவில்லையே என்றாள். விரிப்பு புதுசு, வீடும் புதுசாகத்தான் இருக்கும், தேர்தலுக்கப்புறம் முளைத்தது என்றான் ஒருவன். ஏதோ தட்டிக் குறித்துக்கொண்டார்கள். காலடிச் சத்தம் பலகைமேல் நகர்ந்து பாசிங்கின் வீட்டுக்குப் போயிற்று. பாசிங் கதவைத் திறந்து, வாங்க வாங்க, காபி குடிக்கிறீங்களா என்று இழைவது கேட்டது.

மிண்டா கையை எடுத்தாள். டெல்ஃபின் பெருமூச்சு விட்டான். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். மறுநாள் கஞ்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் முட்டை இனாம்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பராங்கைத் தலைவர் கூடைப்பந்து மைதானத்தில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். டெல்ஃபினுக்கு அன்று ரத்தக்கொதிப்பு ஏறியிருந்ததால் மிண்டா போகவில்லை. போய்விட்டு வந்த பாசிங் வாசலிலேயே நின்றாள். முகத்தில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியவில்லை. பயமா, ஆறுதலா, இரண்டும் கலந்ததா.

கால்வாயை எடுப்பது உறுதியாகிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் போகும். ஆனால் பழைய நம்பர் உள்ள வீடுகளுக்கு, வடக்கே வயல்களுக்கு நடுவில் கட்டியிருக்கும் வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒன்று. சாமானோடு லாரியும் அனுப்புவார்கள். நம்பர் இல்லாத வீடுகள் புது ஆக்கிரமிப்பு. அவற்றுக்கு எதுவும் கிடையாது. இயந்திரம் முதலில் அங்கேதான் வரும்.

மிண்டா வாசலுக்கே வந்துவிட்டாள். “குமாரே, நம்பர் இருக்கிற வீடுதான் முதல்ல போகும்னு நீதானே சொன்னே?”

“நானா சொன்னேன்? மருமகனோட முதலாளி சொன்னாரு,” என்றாள் பாசிங். அதற்குமேல் நிற்காமல் போய்விட்டாள்.

மிண்டா அடுத்த கணமே ஆணிகளைப் பிடுங்கினாள். ஜனாதிபதி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கினார். பின்னால் சிவப்பு எண் அப்படியே இருந்தது. துணி மறைத்திருந்ததால் வெயில் படாமல் நேற்றுப் போட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது. அதுவே வினையாயிற்று.

பராங்கை அலுவலகத்தில் அந்த ஊதாச் சட்டைப் பெண்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பெயர் ஜோவலின். இருபத்தைந்து வயதிருக்கும், இருமல், தூக்கமில்லாத கண். மிண்டா கைபேசியில் எண்ணைப் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தாள். ஜோவலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வரிசையில் நிற்கிற முக்கால்வாசிப் பேர் இதே படத்தோடுதான் நிற்கிறார்கள் என்றாள். கூட்டம் முடிந்த மறுநாளே கடையில் சிவப்பு வண்ணம் தீர்ந்துபோயிற்றாம். பழைய கணக்கேடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லையாம், சுவரிலிருக்கும் எண்தான் கணக்கு.

“என்னோடது பழசும்மா. துணி போட்டு மூடி வச்சிருந்தேன்.”

“நாங்க வந்தப்ப ஏன் கதவைத் திறக்கல, நானாய்?” என்று கேட்டாள் அந்தப் பெண். நானாய் என்றால் அங்கே அம்மா. குரலில் அதட்டல் இல்லை. மிண்டா கைபேசியின் திரையைத் துடைத்தாள். உங்கள் சட்டையைப் பார்த்துப் பயந்தேன் என்பதை அந்தச் சட்டை போட்டவளிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஜோவலின் ஒரு வழி சொன்னாள். மறுபடியும் சரிபார்க்க வருவார்கள். நம்பர் உறுதியான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று, இவர்கள் பழைய கணக்கெடுப்புக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னது பொய் என்று ஆனால், சொன்னவருடைய வீடும் போகும். மேலிடத்து உத்தரவு அப்படி.

மிண்டா நேரே பாசிங்கிடம் போனாள். நான் வந்து நிற்கிறேன் என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்காவது தூங்கலாம். பாசிங் உட்காரச் சொன்னாள். வறுத்த வாழைப்பழம் கொடுத்தாள். ஞானமகள் பள்ளிக்கூடத்தில் நடனமாடிய படத்தைக் காட்டினாள். மிண்டா விஷயத்தைச் சொன்னதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்க்கலாம் குமாரே, கடவுள் சித்தம் எப்படியோ,” என்றாள்.

அந்த ஊரில் இல்லை என்ற சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பார்க்கலாம் என்பார்கள், முயற்சி செய்கிறேன் என்பார்கள், சிரிப்பார்கள். கேட்டவருக்குப் புரிந்துவிடும். மிண்டாவும் அந்த ஊர்க்காரிதான். ஆனாலும் வழியெல்லாம், கையைப் பிடித்தாளே, கையைப் பிடித்தாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு அவளுக்கு ஒவ்வொரு சத்தமும் இயந்திரமாகக் கேட்டது. லாரி பின்னால் நகரும்போது வரும் பீப் ஒலி, தூரத்து இடி, ஜெனரேட்டர். கஞ்சியில் இரண்டு முறை உப்புப் போட்டாள். டெல்ஃபினைக் கழிப்பறைக்குத் தூக்கும்போது, இடிக்க வந்தால் இவனை முதலில் வெளியே கொண்டுபோவதா, அடுப்பையா, மருந்துப்பையையா என்று மனசு ஒத்திகை பார்த்தது. சக்கர நாற்காலியில் உட்கார்த்திப் பலகைப் பாதையில் வேகமாகத் தள்ள முடியுமா என்று ஒரு நாள் காரணம் சொல்லாமல் தள்ளியே பார்த்தாள். சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது.

சரிபார்க்க வருகிற அன்று காலை மழை விட்டிருந்தது. மிண்டா குளித்து, தேவாலயத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு பாசிங்கின் கதவைத் தட்டப் போனாள். வெளியே பூட்டுத் தொங்கியது. சிறிய மஞ்சள் பூட்டு. ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் சட்டென்று நின்றது. யாரையோ விட்டு வெளியே பூட்டச் சொல்லிவிட்டு உள்ளே இருக்கிறார்கள்.

தட்டுவதற்குத் தூக்கிய கையைக் கீழே போட்டாள். உள்ளே எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் வாயை யார் பொத்திக்கொண்டு, எங்கே மூச்சை நிறுத்திக்கொண்டு. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சத்தம் செய்யாமல் நடந்து தன் வாசலுக்கு வந்தாள்.

ஜோவலினும் குப்பிக்காரனும் வாசலில் வந்து நின்றார்கள். சிவப்பு எண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். சாட்சி எங்கே என்று கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள் மிண்டா. அவள் கண் பாசிங்கின் பூட்டைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டது. சற்றுப் பொறுத்து ஜோவலின் கைபேசியைப் பார்த்து, இன்னும் நிறைய வீடு இருக்கிறது நானாய் என்றாள். குப்பிக்காரன் ஏற்கெனவே அடுத்த பலகையில் கால் வைத்துவிட்டான்.

அந்தக் கால்தான் மாங் கோரியோவின் சேவல் கூண்டை இடித்தது. சேவல் கத்தியது. கிழவர் வெற்றுடம்போடு வெளியே வந்தார்.

“கண்ணு பின்னாடியா இருக்கு? என் வாசல்ல வந்து எதுக்கு நிக்கிறீங்க?”

ஜோவலின் மரியாதையாக விஷயத்தைச் சொன்னாள். இந்த வீடு தேர்தலுக்குப் பிறகு வந்தது என்று தங்கள் கணக்கில் இருக்கிறது என்றாள்.

“யாரு, இவளா? தேர்தலுக்கப்புறம் வந்தவளா?” கிழவர் மிண்டாவை மேலும் கீழும் பார்த்தார். “இவ இந்தக் கரைக்கு வந்தப்ப எம் பொண்டாட்டி உசுரோட இருந்தா. எம் பொண்டாட்டி செத்த அன்னிக்கும் இந்தப் பொம்பளை கஞ்சித்தண்ணிய ஊத்துனா. சவப்பெட்டிய தூக்கினவங்க கால் அதுலதான் வழுக்கிச்சு.”

மிண்டா தலையைக் குனிந்துகொண்டாள். அது உண்மை. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே ஊற்றினாள், எங்கே ஊற்றுகிறோம் என்று பார்க்காமல்.

ஜோவலின் அவரிடம் நிதானமாக எடுத்துச் சொன்னாள். சாட்சி சொன்னால் பொறுப்பு அவருடையது, பொய்யானால் அவருடைய இடமும் போய்விடும், புரிகிறதா மாங் கோரியோ என்றாள். கிழவர் அவளைப் பார்க்கவில்லை. பூட்டிய பாசிங்கின் கதவைப் பார்த்தார். தன் சுவரிலிருந்த பழைய எண்ணை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். அவருக்கும் பயம்தான் என்று மிண்டா அப்போதுதான் கண்டாள்.

“எழுதிக்கோ,” என்றார் கரகரப்பாக. “அங்க போனப்புறமும் இவளைப் பக்கத்து வீட்டுல மட்டும் போட்டுடாதீங்க.”

குப்பிக்காரன் சிரித்தான். ஜோவலின் சிரிக்கவில்லை. பழைய எண்ணுக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு வட்டம் பீச்சினார்கள். வண்ணத்தின் வாடை மூக்கில் ஏறியது. மிண்டா நன்றி சொல்லத் திரும்பியபோது கிழவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

லாரி எப்போது வரும் என்று மிண்டா கேட்டாள். ஜோவலினுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமாக இருக்கலாம், அடுத்த மாதமாக இருக்கலாம். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஆட்கள் கூடித் தடுக்கிறார்களாம். அங்கே மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் நானாய் என்றாள் அந்தப் பெண். கீழே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

உள்ளே டெல்ஃபின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “கிடைச்சுதா?” என்றான்.

“கிடைச்சுது.”

“அப்ப நாம போறோம்.”

“போறோம்,” என்றாள் மிண்டா. தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து எந்த ஒன்றைக் கனவிலும் கண்டு அலறினாளோ, அதை இன்று காலை கெஞ்சி வாங்கியிருக்கிறாள் என்பது அவன் வாயால் கேட்கும்போதுதான் உறைத்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாளும் கஞ்சி விற்றாள். பாசிங் வரவில்லை, மகளைப் பாத்திரத்தோடு அனுப்பினாள். மிண்டா ஞானமகளின் பாத்திரத்தில் முட்டையையும் போட்டுக் கொடுத்தாள், அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மாங் கோரியோ வழக்கம்போலத் திட்டினார். அந்தக் கரையில் யாரும் எதையும் மாற்றிக்கொண்டதாக வெளியே தெரியவில்லை.

ஆனால் அரிசிக் கடைக்காரன் கவனித்தான். மூட்டையாக வாங்குகிற அலிங் மிண்டா இப்போது அன்றன்றைக்கு வேண்டியதைக் கிலோவாக வாங்குகிறாள். இஞ்சியும் அப்படித்தான், அடுப்புக் கரியும் அப்படித்தான். ஏன் என்று கேட்டதற்கு, வைக்க இடமில்லை என்றாள். கரையின் வளைவில் ஏதாவது பெரிய வண்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம், சில்லறையை வாங்காமலே வீட்டைப் பார்த்து ஓடினாள்.